வாழைப்பழ வாசனை

"நேத்து சாயங்காலத்துலேர்ந்து மூச்சே இல்ல, ரெஸி," என்றான் குவிரின். குளியலறைத் தரையில் மண்டியிட்டு, கம்பளி போர்த்திய உருவத்தின்மேல் காதை வைத்திருந்தான். கண்கள் கலங்கியிருந்தன.

ரெஸி கைக்குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே எட்டிப் பார்த்தாள். "பெத்த பொண்ணுக்கு சளி பிடிச்சப்போ இப்படி ஒரு மணி நேரம் உக்காந்திருந்தியா நீ?"

கம்பளிக்குள் இருந்தது ஒரு பீப்பாய் கோதுமை பீர். போன வருஷம் அவன், கடையில் டப்பாவில் விற்கும் தானியப் பாகைக் கரைத்து பீர் போட்டபோது, லாண்ட்ஷூட் ஊரில் சொந்த பீர் ஆலை வைத்திருக்கும் மாமனார் அலோயிஸ் ஒரே ஒரு வாய் குடித்தார். "டப்பா திறக்கிறவன்லாம் பீர் காய்ச்சறவன்னா, மத்தி மீன் டப்பா திறக்கிறவன் மீனவனா?" என்று பந்தியே சிரிக்கும்படி கேட்டார்.

குவிரினுக்கு அது இன்னும் ஆறவில்லை. மகளின் ஞானஸ்நான விருந்தில் மாமனார் கையில், முழுக்க முழுக்கத் தானியத்திலிருந்தே காய்ச்சிய தன் பீரைக் கொடுப்பதாகச் சவால் விட்டிருந்தான். விருந்துக்கு இன்னும் மூன்றே வாரம். இது கெட்டால் மறுபடி காய்ச்ச நேரமில்லை.

பட்ட பாடு கொஞ்சமில்லை. பார்லி மாதிரி கோதுமையில் உமி ஒட்டியிருக்காது. வடிகட்டும்போது கூழாகி அடைத்துக்கொண்டது. கடைசியில் கல்யாணத்துக்கு மாமனார் கொடுத்த தலையணை உறையில் கொட்டித்தான் பிழிந்தான்.

பீப்பாய் மூடியிலிருந்த குழாயில் 'பளக்' என்று ஒரு குமிழி வந்தது. பின்னாலேயே இன்னொன்று. வாழைப்பழமும் கிராம்பும் கலந்த மணம் குளியலறையை நிறைத்தது.

"உசிரோடதான் இருக்கு," என்று குவிரின் கம்பளிக்கு முத்தம் கொடுத்தான். அவனுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

வாசல் மணி அடித்தது. கதவின் துளை வழியே பார்க்கப் போன ரெஸி முகம் வெளிறித் திரும்பி வந்தாள். "சுங்க அதிகாரி. சீருடையோட நிக்கிறாரு. கையில காலி ஜாடி வேற."

"சாம்பிள் எடுக்க வந்திருக்கான்."

வீட்டில் பீர் காய்ச்சுவது குற்றமில்லை. ஆனால் காய்ச்சுவதற்கு முன்பே, பீர் வரி வாங்கும் சுங்க அலுவலகத்துக்குச் சொல்லிவிட வேண்டும். போன வருஷத்திலிருந்து குவிரின் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்திருந்தான்.

"திருட்டு பீர் காய்ச்சின மாப்பிள்ளைன்னு உங்கப்பா ஊர் பூரா சொல்லுவாரே," என்றான்.

"கொட்டிடு. அதுவரைக்கும் நான் வாசல்லயே பேச்சுக் குடுக்கறேன்."

அவள் கதவைத் திறந்தாள். குளியலறைக் கதவிடுக்கு வழியே குவிரினுக்கு அதிகாரியின் கால்கள் மட்டும் தெரிந்தன. சீருடைக் கால்சட்டை, அதற்குக் கீழே பூப்போட்ட கம்பளிச் செருப்பு. அதையெல்லாம் யோசிக்க அவனுக்கு ஏது நேரம்? பீப்பாயைத் தூக்கிக் குளியல் தொட்டியில் கவிழ்த்தான்.

"வாழைப்பழ வாசனை படிக்கட்டு பூரா வருதேம்மா," என்றது வெளியே ஆண் குரல்.

"குழந்தைக்கு மசிச்சேன்."

"இந்தப் பச்சைக் குழந்தைக்கா?"

"பசி தாங்கமாட்டா. அப்பனைக் கொண்டிருக்கா."

"கிராம்பு வாசனையும் வருதே?"

"பல் வலிக்கு."

"பல்லே முளைக்கலையே?"

"அதான் வலிக்குது."

தொட்டியில் நுரை முழங்கை வரை பொங்கியது. குவிரின் அதை இரண்டு கையாலும் துளைக்குள் தள்ளினான். பீப்பாயின் ஓரத்தில் ஒட்டியிருந்த ஈஸ்ட்டைக்கூட விடாமல் வெந்நீர் ஊற்றித் தேய்த்துக் கழுவினான். அழுகை வந்தது, அழுதுகொண்டே கழுவினான்.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தான். இனி அவனுக்கு எந்தப் பயமும் இல்லை.

"வாங்க ஐயா, எங்க வேணும்னாலும் தேடிப் பாருங்க. இந்த வீட்டுல பீரும் கிடையாது, ஈஸ்ட்டும் கிடையாது. ஒரு சொட்டு கிடையாது."

"ஒரு சொட்டு கூடவா?" அதிகாரியின் முகம் சுருங்கிவிட்டது. ஜாடியை மார்போடு அணைத்துக்கொண்டு படிக்கட்டின் இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"மாடி வீட்டுக்குப் புதுசா குடிவந்தவன் நான். ஆபீசுக்குத் தெரியாம நானும் ஒண்ணு போட்டேன் தம்பி; ஈஸ்ட் செத்துப்போச்சு, ஒரு கரண்டி கடன் கேக்கலாம்னு வந்தேன்."