தலைகீழ்க் கல்

“யோவ், உங்க தாத்தா மாதிரியே நீயும் வெச்சிடாதேய்யா!” என்றார் படிப்பகச் செயலாளர்.

கூட நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். கேட்டுப் பழகிய குடும்பம் எங்களுடையது.

இந்தத் தொழிலாளர் படிப்பகம், நூறு வருஷத்துக்கு முன்னால் ஆலையில் வேலை பார்த்த பதினொரு பேர் லீவு நாளெல்லாம் செங்கல் சுமந்து கட்டியது. அதில் ஒருத்தர் என் தாத்தா. கொத்தனார். பேர் பொறித்த கல்லை வாசல் சுவரில் பதித்தவரும் அவர்தான்.

தலைகீழாகப் பதித்துவிட்டார்.

“எழுத்துத் தெரியாதவன் கையில கல்லைக் குடுத்தா வேற எப்படி இருக்கும்?” என்றாராம் தாத்தா, கேட்டவர்களிடம். எடுத்தால் சுவர் விழுந்துவிடும் என்றும் சொன்னாராம். கல் அப்படியே நின்றது.

எங்கள் வீட்டுக்கே ‘தலைகீழ் வீடு’ என்று பேராகிப் போனது. தாத்தா சாகும்வரை கைநாட்டு. வெட்கத்தில் அப்பா இந்த வாசலை மிதிக்கவே இல்லை. மருந்துச் சீட்டைக்கூட ஊரான் கையில் நீட்டி நீட்டியே போய்ச் சேர்ந்தார்.

நான் ஐம்பத்திரண்டு வயதில், பக்கத்து ஊருக்குப் போய் எழுத்துக் கற்றேன். இங்கே ஒருத்தருக்கும் தெரியாது.

சுவரைப் புதுப்பிக்கப் போகிறார்கள் என்றதும் கல்லை நிமிர்த்துகிற வேலையை நானே கேட்டு வாங்கினேன். வேலைச் சீட்டில் எல்லோரும் பார்க்கக் கையெழுத்துப் போட வேண்டும் என்று ஆசை. சட்டைப் பையில் புதுப் பேனா.

செயலாளரும் மற்றவர்களும் சாப்பிடப் போனார்கள். உளி வைத்துக் காரையைத் தட்டினேன். கல் பெயர்ந்து மடியில் சாய்ந்தது. கழுத்தைத் திருகிக்கொண்டு, எழுத்தெழுத்தாக வாசித்தேன்.

தலைப்பில், பெரிதாக, ஆலை முதலாளியின் பேர். ஒரு செங்கல் தொடாத மனுஷன். அவர் காலடியில், பொடி எழுத்தில், பதினொரு பேர்.

ஆனால் நூறு வருஷமாகச் சுவரில் பதினொரு பேரும் மேலே இருந்தார்கள். முதலாளி கீழே, மழைச்சேறு தெறிக்கிற இடத்தில்.

ஏதோ தற்செயல் என்றுதான் நினைத்தேன்.

கல்லின் முதுகில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைச் சுரண்டினேன். உளியால் கீறிய ஒரு பேர். தாத்தாவின் பேர். முன்பக்கம் தலைகீழாக நின்ற கல்லில், பின்பக்கம் அது மட்டும் நேராக நின்றிருக்கிறது.

வெளியே சொல்லியிருந்தால் அன்றைக்கே கல்லைத் திருப்பியிருப்பார்கள்.

அப்பாவிடமாவது சொல்லியிருக்கலாம்.

கொஞ்ச நேரம் மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். பிறகு சிமெண்ட் குழைத்தேன்.

செயலாளர் வந்தபோது பூச்சு இறுகத் தொடங்கியிருந்தது.

“அடப்பாவி! மறுபடியும் தலைகீழாவா?”

“எழுத்துத் தெரியாதவன் கையில குடுத்தா வேற எப்படிங்க இருக்கும்? இனிமே எடுத்தா சுவர் விழுந்துடும்.”

தலையில் அடித்துக்கொண்டே வேலைச் சீட்டை நீட்டினார்.

பேனா பையில்தான் இருந்தது. மைப்பெட்டி கேட்டேன்.