மிஹ்லார் சேரின் ஏணைப் பரீட்சை

மருதமுனைப் பொதுமக்களுக்கு, விசேடமாகத் தாய்மாருக்கு, இத்தால் அறியத்தருவது யாதெனில்: இன்று செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணி தொடக்கம், பாடசாலைப் பிரதி அதிபர் மிஹ்லார் அவர்கள் தமது நான்கு மாத இரட்டை ஆண்குழந்தைகளைத் தன்னந்தனியாகப் பராமரித்து வருகிறார். ஊர் வரலாற்றில் இது முதற்தடவை.

அறிவித்தலை எழுதியவரும் அவரே. பெற்றார் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டவரும் அவரே.

காரணம் இருந்தது. இன்று அஸர் தொழுகைக்குப் பிறகு சங்கக் கூட்டத்தில் ‘மழலைகளோடு அன்றாட இன்பங்கள்’ என்ற தலைப்பில் அவருடைய சொற்பொழிவு. நேற்று அதை வீட்டில் உரத்து வாசித்துக் காட்டியபோது மனைவி பஸ்னா ஒரு தோளில் ஹாதிக்கையும் மறு தோளில் ஸஹீதையும் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள்.

“நீங்க ஒரு நாளாவது இதுகளத் தனியாப் பாத்திரிக்கீங்களா? பாக்காம மைக்கப் பிடிச்சா, பொம்புளைகள்ர பக்கத்தில இரிந்து நான் எழும்பிக் கேப்பன்.”

பஸ்னா சொன்னால் செய்வாள். இருநூறு பேர் பார்த்திருக்க அவள் எழும்பி நிற்பதை நினைத்ததும் அவருக்குச் சோறு இறங்கவில்லை. சொல்லாமல் செய்து காட்டுவதுதான் தலைமைத்துவம் என்று முடிவெடுத்து அரை நாள் லீவு போட்டார்.

காலையில் அவர் தலை நிறைய சோப்போடு குளியலறையில் நிற்கையில் பஸ்னாவின் குரல் கேட்டது.

“நான் கிளினிக்குக்குப் போறன், தங்கச்சியும் வாறாள். ரெண்டு கொப்பியும் எடுத்திட்டன். இஞ்ச பாத்துக்கங்க.”

“நீ ஆறுதலா வா. எல்லாம் நான் பாத்துக்குவன்.”

வாய்ப்பு தானாகவே வந்து வாய்த்தது. வெளியே வந்து பார்த்தால் அறையில் பிள்ளைகளின் இரண்டு ஏணைத் தொட்டில்களும் பாரமாகத் தொங்கிக்கொண்டிருந்தன. சேலைத் துணி இரு பக்கமும் ஒட்டி மூடியிருந்தது. விரித்துப் பார்ப்பது அனுபவமில்லாதவர்கள் செய்யும் வேலை, பிள்ளை எழும்பிவிடும். அவர் நடுவில் கதிரையைப் போட்டு, வலக்கைக்கு ஒன்று இடக்கைக்கு ஒன்றாக ஆட்டத் தொடங்கினார்.

சுவரில் நேரசூசி ஒட்டப்பட்டது. ஒன்பது மணி தாலாட்டு. ஒன்பதரை சிரித்து விளையாடல். பத்து மணி அறிவூட்டல். ஒன்பதரைக்கும் சிரிப்புச் சத்தம் வரவில்லை என்றாலும் அதற்கும் சரி போட்டுக்கொண்டார்.

பாண் விற்கும் ஓட்டோ ஸ்பீக்கர் பாட்டோடு ஒழுங்கைக்குள் வந்தது. மிஹ்லார் ஓடிப்போய் இரண்டு கையையும் விரித்து மறித்தார். பாண்காரர் பாட்டை நிறுத்தி, எஞ்சினையும் நிறுத்தி, ஓட்டோவைத் தள்ளிக்கொண்டே போனார்.

அடுத்தது மதிலுக்கு அப்பால் நெய்துகொண்டிருந்த நபீஸா.

“ராத்தா, ரெண்டு மணித்தியாலத்துக்குத் தறிய நிப்பாட்டுங்க.”

“என்ன சேர் கதைக்கிறீங்க? இந்தச் சத்தத்திலதான் உங்கட புள்ளைகள் நித்திர கொள்ற. நிப்பாட்டினா அந்த நிமிசமே எழும்பிக் கத்துவானுகள்.”

“அது தாய்மார் பழக்கின பழக்கம் ராத்தா. இது முறைப்படியான பராமரிப்பு.”

நபீஸா தறியை நிறுத்தினாள். ஏணைகளில் ஓர் அசுமாத்தமும் இல்லை. மிஹ்லார் மதிலுக்கு மேலால் புருவத்தை மட்டும் உயர்த்திக் காட்டினார். அவள் எரிச்சலோடு, “மாஷா அல்லாஹ்” என்றாள்.

பத்து மணிக்குச் சங்கச் செயலாளர் மஜீட் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார்.

“சேர், எங்கட வீட்டில ஒண்டே ஒண்டுதான். அதுக்கே நாங்க நாலு பேர் காணாது. பால் கேக்கல்லையா?”

“கேக்கப் பழக்கினாத்தானே மஜீட் கேக்கும்.”

மஜீட் பயபக்தியோடு ஓர் ஏணையை ஆட்டிப் பார்த்தார். “இவர் கொஞ்சம் பாரம் போல.”

“மூத்தவர். பத்து நிமிசம் மூப்பு.”

மஜீட் படம் பிடித்து, ‘இன்றைய பேச்சாளர் களத்தில்’ என்று குழுவில் போட்டார். ஒரு நொடியில் முப்பத்திரண்டு கைதட்டல்கள் விழுந்தன. சொற்பொழிவை ஒரு மணித்தியாலமாக நீட்டுவது என்றும், பின்னர் ஊர் ஊராகப் போய்த் தாய்மாருக்குப் பயிற்சிப் பட்டறை நடத்துவது என்றும் அந்த இடத்திலேயே இரண்டு பேரும் தீர்மானம் நிறைவேற்றினார்கள். இனிப் பஸ்னா எழும்பட்டும், பார்ப்போம்.

அப்போது அவளே போன் எடுத்தாள். செயலாளரும் சாட்சியாகக் கேட்கட்டும் என்று மிஹ்லார் அதை ஸ்பீக்கரில் போட்டார்.

“மெதுவாக் கதை பஸ்னா. ஒன்பது மணிக்கிரிந்து ரெண்டு பேரும் நல்ல நித்திர.”

“என்ன? கேக்கல்ல, இஞ்ச ஒரே சத்தம்.”

சத்தம்தான். கிளினிக்கில் ஒரு பிள்ளை மூச்சுப் பிடித்துக் கதறியது. அது ஓயும் இடத்தில் இன்னொன்று தொடங்கியது. மிஹ்லார் கண்ணை மூடி, தலையை மெல்ல ஆட்டினார்.

“யார்ர புள்ளைகள் பஸ்னா இந்தக் கத்துக் கத்துற? வளர்ப்புச் சரியில்லாட்டி இப்பிடித்தான்.”

மஜீட் அந்த வசனத்தைக் குறித்துக்கொண்டார்.

“நம்மடதான், ஊசி போட்டிரிக்கு,” என்றாள் பஸ்னா. “வந்து கிடத்தணும். வெறும் ஏணை ஆடப்படாதெண்டு உள்ளுக்கு வச்ச அம்மிக் குழவியையும் அரிசிப் பையையும் எடுத்து வைங்க.”