மாவு மில்லில் ஒரு வரிசை

கல்லூரிக்குப் போகாமல் பதினெட்டு வயதில் ஆடிட்டர் ஆபீஸில் ஆர்ட்டிகிளாக, அதாவது பயிற்சிக் கணக்கராக, சேர்ந்த தணிகாசலம், அறுபதாவது பிறந்தநாளுக்கு நினைவுகள் விற்கும் கடைக்கு மூன்று வருடக் கல்லூரி நினைவுகளை வாங்கிக்கொள்ளப் போனார். கேன்டீன், கட் அடித்த சினிமா, ஒருதலைக் காதல் எல்லாம் உண்டு. ஒரு அரியர் இலவசம்.

"அதே வயசு நினைவுகளை அழிச்சாத்தான் சார் இதுக்கு இடம் கிடைக்கும்," என்றாள் கடைப் பெண்.

"அழிங்கம்மா. ஆடிட்டுக்குப் போய் மாவு மில்லுல மூட்டை எண்ணினதுதானே கிடக்கு அங்க!"

பக்கத்திலிருந்த மனைவி செண்பகவல்லி மெல்லக் கேட்டாள்: "ஒரே வரிசையை ரெண்டு தடவை எண்ணினீங்களே, அதுவும் போயிடுமா?"

எதிர் வரிசையை எண்ணிக்கொண்டிருந்த புது ஆர்ட்டிகிள் பெண்ணைப் பார்த்ததில் வந்த பிழை அது. அந்தப் பெண்தான் இப்போது அவர் பக்கத்தில் கைப்பையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

தணிகாசலம் எழுந்தார். "வா செம்பா, கேன்டீன் போண்டாவை ஓட்டல்லயே சாப்பிட்டுக்கலாம்."

"சுகர் இருக்கு. ரெண்டே ரெண்டுதான்," என்றாள் அவள். "நான் எண்ணுவேன்."