சுவரில் மேயும் ஆடு

கானாக் கச்சேரி போஸ்டர்களைக் கிழித்து, மைதாப் பசையோடு மென்றுதான் சொக்கி என்ற ஆடு அந்தத் தெருவில் வயிற்றைக் கழுவி வந்தது. ஒருநாள் ஓவியர்கள் வந்து போஸ்டர்களைச் சுரண்டிவிட்டு, சுவர் முழுக்கப் பச்சைப்பசேலென்று புல்வெளி வரைந்தார்கள். படம் பார்க்கக் கூட்டம் வந்தது, காபி ஷாப் வந்தது, வாடகை ஏறியது. கானா பாடியவர்கள் வீட்டைக் காலி செய்தார்கள். போஸ்டர் ஒட்ட ஆளில்லை.

பசி தாங்காமல் சொக்கி அந்தப் புல்லை நக்கியது. காபி ஷாப் வாட்ச்மேன் கம்பால் ஒன்று போட்டான். “சனியனே, ஆட்டை அழிச்சிடாதே!”

“எந்த ஆட்டைச் சொல்றான்?” என்று சொக்கி சுவரைக் கேட்டது.

“மேல பாரு. உன்னைப் பார்த்து வரைஞ்சதுதான்” என்றது சுவர் பெருமையாக. “எப்படிக் கொழுகொழுன்னு மேயுது! கவலைப்படாதே, நீ போயிட்டாலும் அது இருக்கும்.”

சொக்கி அந்தப் புல்லுக்குக் கீழேயே படுத்துக்கொண்டது.