ஒலி இல்லாத படம்

இரவு வேலை முடிந்து வந்து அப்பா தூங்குவார் என்பதால், பகலில் டிவியில் வரும் பழைய ஆங்கிலப் படங்களை வெண்மதி ஒலியில்லாமல்தான் பார்ப்பாள். கதையைத் தானே சொல்லிக்கொள்வாள். அன்று வந்த படத்தில், மனைவிக்குக் குளிராமலிருக்க ஒருவன் ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினான்.

"அந்த வெள்ளைக்காரன் எப்படி உருகுறான் தெரியுமா! நாளைக்கு மறுபடி போடுறாங்க, பாருங்கக்கா" என்று எதிர்வீட்டு ரெஜினாவிடம் ஜன்னல் வழியாகச் சொன்னாள். வேலைக்குப் போகும்போது ரெஜினாவை உள்ளே வைத்து வெளியே பூட்டிவிட்டுப் போவான் அவள் கணவன். அதையும் பாசம் என்றுதான் தெருவில் சொன்னார்கள்.

மறுநாள் படம் முடிந்ததும் ரெஜினா ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றாள்.

"அவன் பேசினதைக் கேட்டியாடி?"

"எனக்கு ஏதுக்கா இங்கிலீஷ்?"

"இனிமே நீ வெளிய போகவே மாட்டேன்னு சொல்றான். ஜன்னலைச் சாத்தும்போது சிரிச்சுக்கிட்டே சொல்றான். காலைல எங்க வீட்டுக்காரரும் அப்படியேதான் சொன்னாரு." குரல் தாழ்ந்தது. "உங்க வீட்ல சுத்தியல் இருக்கா?"

"கம்பி வழியா தரட்டுமா?"

"பூட்டு உன் பக்கம்ல இருக்கு."

முதல் அடிக்கே தெருவில் கதவுகள் திறந்தன. "என்னடி அது?" என்று அப்பா எதிரே வீட்டுக்குள்ளிருந்து கத்தினார். பூட்டு லேசாக நெளிந்திருந்தது. வெண்மதி மறுபடியும் சுத்தியலை ஓங்கினாள்.