போகாத ஃபியூஸ்

நான் ஒரு ஃபியூஸ். சிவப்பு நிறம், தலையில் பத்து என்று எழுதியிருக்கும்; கரண்ட் பத்து ஆம்பியரைத் தாண்டினால் அறுந்துவிடுவேன். வைப்பருக்குப் போகும் வயர் தோல் உரிந்து தகரத்தில் உரசியது. அது தீப்பிடிக்காமலிருக்க நான் உருகி அறுந்தேன். என்னை வைத்ததே அதற்குத்தானே?

கார்க்காரர் வேலாயுதம் பானெட்டைத் திறந்து என்னைப் பிடுங்கினார். "ஒரே மாசத்துல மூணாவது! எல்லாம் டூப்ளிகேட் சரக்கு."

"ஐயா, வயரைப் பாருங்கய்யா!" என்று கத்தினேன். வீசியெறிந்தார். பேட்டரி ஓரத்தில் விழுந்து கிடந்தேன். என் இடத்தில் முப்பது என்று எழுதிய பச்சை ஃபியூஸை அழுத்தினார். வைப்பர் ஓடியது. "இதுதான் ஃபியூஸ்!" என்றார்.

மறுநாள் நல்ல மழை. குடும்பமே காரில் இருந்தது.

"அண்ணே, உடம்பெல்லாம் சுடுது. அறுந்துடுங்கண்ணே!" என்று வயர் அலறியது.

"முப்பதைத் தாண்டினா சொல்லு," என்றது பச்சை. "இப்பவே அறுந்து, இவனை மாதிரி நானும் குப்பையில கிடக்கவா?"

"அடப்பாவி, உள்ள குழந்தைங்க இருக்குடா!" என்றேன். அது கரண்டை விட்டுக்கொண்டே இருந்தது.

புகை கிளம்பியது. எல்லோரும் மழையில் குதித்து ஓடினார்கள். தீயை அணைப்பதற்குள் டேஷ்போர்டு முழுக்கக் கருகிவிட்டது.

வேலாயுதம் பச்சையைக் கழற்றித் துடைத்துப் பார்த்தார்.

"பாத்தியா பூங்கோதை," என்றார் மனைவியிடம், "வண்டியே போச்சு, இது மட்டும் போகல!"

அடுத்த காருக்கு ஆகும் என்று அதைச் சட்டைப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டார்.