எழுபத்தாறு டிகிரி

ஷெட்டில் ஏணி சறுக்கி விழுந்து செத்த சலீமை அடக்கம் பண்ணி முழுசாக ஒரு நாள் ஆகவில்லை. அதற்குள் டேப்பைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார் விஸ்வேஸ்வரன்.

"சேவியர், இங்க வா. இந்த முனையைப் பிடி."

சேவியருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஷெட்டில் இருபது பேர் சும்மா நிற்கிறார்கள். பன்னிரண்டு வருஷமாக சலீமோடு தேஹு ரோட்டில் ஏறி, ஒரே லோக்கல் ரயிலில் தளேகாவ் வந்து இறங்கிய தன்னைத்தானா கூப்பிட வேண்டும்?

பெயர்தான் பாதுகாப்பு அதிகாரி. ஹெல்மெட் வார் அறுந்திருந்தால் மெமோ, கையுறை ஓட்டையானால் மெமோ. சலீமுக்கே மூன்று மெமோ கொடுத்த புண்ணியவான். நேற்று கபர்ஸ்தானில்கூட, மண் போட்ட கையோடு அவர் கேட்ட ஒரே கேள்வி, "ஏணி இருந்த இடத்தை யாரும் கழுவலையே?"

ஏணியைப் போலீஸ் எடுத்துப் போய்விட்டது. அதன் தலை உரசிய கீறல் சுவரில் இருந்தது. கால் நின்ற கறுப்புத் தடம் தரையில் இருந்தது.

"எவ்வளவு சாஞ்சு நின்னுதுன்னு இனிமே நேரா அளக்க முடியாது," என்றார் விஸ்வேஸ்வரன். "உயரத்தைத் தூரத்தால வகுத்தா டேன்ஜென்ட். அதுலேர்ந்து கோணத்தைப் பிடிச்சுடலாம். எழுபத்தஞ்சு டிகிரியாவது இருக்கணும். குறைஞ்சா வழுக்கும். அப்போ வெச்சவன் தப்பு."

வைத்தவன் சலீம். அவன் தப்பு என்று எழுதிவிட்டால் அவன் மனைவி நஸ்ரினுக்கு வாரிசு வேலை கிடையாது. மேனேஜர் காலையிலிருந்தே "கல்தி உஸ்கி ஹி தீ", தப்பு அவனுடையதுதான் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறார். இரண்டு பெண் குழந்தைகளை வைத்துக்கொண்டு அவள் எங்கே போவாள்?

சுவர்க் கீறலை விஸ்வேஸ்வரனே ஏறி அளந்தார். பன்னிரண்டு அடி.

தரையில் இரண்டு ஜோடித் தடம் இருந்தது. சுவரிலிருந்து மூன்றடியில் இருந்தது போன வாரம் சேவியர் ஏணி வைத்தது. ஐந்தடியில் இருந்ததுதான் சலீமுடையது. அடியில் பெட்டிகள் கிடந்தன என்று தள்ளி வைத்துவிட்டான். சேவியர் அதை அப்போதே பார்த்தான். பார்த்தும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இரண்டு நாளாக அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

சட்டென்று ஐந்தடித் தடத்தின் மேல் இரண்டு ஷூவையும் வைத்துக் குந்திக்கொண்டான். கையை நீட்டி டேப்பை மூன்றடித் தடத்தில் அழுத்தினான்.

"மூணு அடி, சார்."

"மூணா?"

"மூணுதான், சார்."

விஸ்வேஸ்வரன் பக்கத்தில் வந்து அவன் காலையே பார்த்தார். சேவியர் ஷூவை இன்னும் அழுத்தி ஊன்றினான்.

"லேஸ் அவுந்திருக்கு பார். மெஷின் பக்கம் இப்படி நடந்தா மெமோ குடுத்துடுவேன்."

கால்குலேட்டரை எடுத்தார். "பன்னண்டை மூணால வகுத்தா நாலு. எந்தக் கோணத்துக்கு டேன் நாலு?" பட்டனைத் தட்டினார். "எழுபத்தாறு டிகிரி. சாட்சிக் கையெழுத்துப் போடு."

போட்டான். சட்டப் புத்தகத்தை விழுங்கின மனுஷன் கண்ணிலேயே மண்ணைத் தூவியாயிற்று என்று உள்ளுக்குள் ஒரு திருப்தி.

பத்தாம் நாள் நோட்டீஸ் போர்டில் அறிக்கை ஒட்டினார்கள்.

'ஏணி சரியான கோணத்தில் வைக்கப்பட்டிருந்தது. தொழிலாளி சலீம் மீது தவறில்லை. ஏணிக்கால் ரப்பர் தேய்ந்ததே விபத்துக்குக் காரணம். மாதச் சோதனையில் அதைக் கவனிக்கத் தவறியவர், பாதுகாப்பு அதிகாரி விஸ்வேஸ்வரன்.'

அடியில் அவருடைய கையெழுத்து. பக்கத்திலேயே அவரை சஸ்பெண்ட் செய்த உத்தரவு.

சேவியர் அதை மறுபடி ஒரு தரம் படித்தான். சலீம் மேல் தப்பில்லை என்றால் அந்தத் தப்பு வேறு ஒருவர் தலையில் போய் விழும் என்பது அந்த மடையனுக்கு அதுவரை தோன்றவே இல்லை.

அறைக்கு ஓடினான். விஸ்வேஸ்வரன் மேஜை டிராயரைக் காலி செய்துகொண்டிருந்தார். ஓய்வு பெற இன்னும் பதினாலே மாதம். முகம் செத்துப்போயிருந்தது.

"சார், அன்னைக்கு அந்த டேப்பை நான்..."

"கதவைச் சாத்து."

சாத்தினான்.

"ஒண்ணு, ஏணியைத் தப்பா வெச்சிருக்கணும். இல்லேன்னா ஏணியே தப்பா இருக்கணும். அந்த ரப்பரும் தேஞ்சுதான் இருந்தது, சேவியர். பாக்காம கையெழுத்துப் போட்டவன் நான். எனக்கு ராத்தூக்கம் போயே போச்சு."

"இல்ல சார், கோணம்..." சேவியருக்கு அழுகை வந்துவிட்டது. "நான் இப்பவே மேனேஜர்கிட்ட போய் உண்மையைச் சொல்லிடறேன்."

"சொல்லி? இத்தா காலம், அந்த நாலு மாசத் துக்கம் முடிஞ்சதும் அந்தப் பொண்ணு ஸ்டோர்ஸ்ல வேலைக்குச் சேரணும். வாயை மூடிண்டு இரு."

கால்குலேட்டரைப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தார். வாசல்வரை போனவர், திரும்பாமலே சொன்னார்:

"அஞ்சடி. அறுபத்தேழு டிகிரி. அன்னிக்கு நீங்கள்லாம் வர்றதுக்கு முன்னாடியே தனியா வந்து அளந்துட்டேன். அப்புறம்தான் டேப் பிடிக்க உன்னைக் கூப்பிட்டேன்."